வாசகர் கேள்வி பதில்: செல்வாக்கைச் செலவழித்த மல்ரோனி

கனடாவில் 2025 ஏப்ரல் 28ஆம் தேதியும் நம் சிங்கப்பூரில் மே 3ஆம் தேதியும், ஐந்தே நாள் இடைவெளியில், பொதுத்தேர்தல்கள் நடைபெற்றன. அவற்றைப் பற்றி இப்பகுதியில் எழுதியபோது, கனடாவின் கன்சர்வேட்டிவ் கட்சி முன்னைவிடக் கூடுதல் இடங்களைப் பெற்றும் ஆட்சியைப் பிடிக்கவில்லை, அதன் தலைவர் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார் என்று குறிப்பிட்டுவிட்டு, 1993இல் அக்கட்சியின் முன்னோடிக்கு நேர்ந்ததை நினைத்தால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று போகிறபோக்கில் ஒரு வரியைச் சேர்த்திருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை அதிகம் என்பதால், இந்தப் பகுதி முழுவதையும் முன்னாள் பிரதமர் பிரையன் மல்ரோனிக்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: ஆட்சியில் இருந்த கட்சி ஒரே தேர்தலில் இரண்டு இடங்களுக்குச் சரிந்தது என்கிறார்கள். அச்சுப் பிழையா, உண்மையா? (வாசகர், தோ பாயோ)

பதில்: உண்மைதான். 1984ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் தேதி நடந்த தேர்தலில் மல்ரோனியின் தலைமையில் 282 இடங்களில் 211ஐ வென்ற முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சி, 1993ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் தேதி 295 இடங்களில் இரண்டை மட்டுமே பெற்றது. மல்ரோனி அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே பதவி விலகியிருந்தார். தோல்வியைத் தாங்க நேர்ந்தவர் அவரை அடுத்து வந்த கிம் கேம்பல், கனடாவின் முதல் பெண் பிரதமர். அவரும் தம் தொகுதியை இழந்தார்.

ஆனால் அந்த இரண்டு என்ற எண் வாக்காளரின் மனநிலையை முழுமையாகச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அத்தேர்தலில் அக்கட்சிக்கு 16 விழுக்காட்டு வாக்குகள் விழுந்தன. அதைவிடக் குறைவாக, 13.5 விழுக்காடு பெற்ற, கியூபெக் பிரிவினையை நாடும் பிளாக் கியூபெக்குவா கட்சிக்கு 54 இடங்கள் கிடைத்தன. ஏனெனில் அதன் வாக்குகள் எல்லாம் பிரெஞ்சு பேசுவோர் மிகுந்த கியூபெக் மாகாணத்துக்குள்ளேயே குவிந்திருந்தன. தொகுதியில் அதிக வாக்கு பெற்றவரே வெற்றியாளர் என்ற முறையில், நாடு முழுவதும் மெல்லியதாகப் பரவிய ஆதரவு பயிருக்கு எட்டாத தூறலைப் போன்றது. இதே முறையில் வாக்களிக்கும் நமக்கு இது புதிதாக இருக்காது.

கேள்வி: மல்ரோனி பணக்காரக் குடும்பத்து வாரிசா? அரசியலுக்கு எப்படி வந்தார்? (வாசகி, ஈசூன்)

பதில்: வாரிசு இல்லை. 1939ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் தேதி, கியூபெக்கின் வடகரையில் உள்ள பே-கொமோ என்ற சிற்றூரில் ஐரிஷ் வழிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூர் ஒரு காகித ஆலைக்காகவே காட்டுக்குள் எழுப்பப்பட்ட ஊர். அவருடைய தந்தை அந்த ஆலையில் மின்பணியாளர். ஆலையை நிறுவியவர் சிகாகோவின் பெரும் நாளேட்டு அதிபரான ராபர்ட் மெக்கார்மிக். அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் சிறுவன் பிரையன் அவருக்குப் பாடிக் காட்டி 50 டாலர் பெறுவான் என்பது கனடியர் பலரும் அறிந்த கதை. பிற்காலத்தில் அமெரிக்காவுடன் வணிக உடன்பாடு செய்தபோது, எதிரிகள் இந்தக் கதையைத் தூசிதட்டி எடுத்து, அமெரிக்க முதலாளிக்கு அன்றே பாடியவர்தானே என்று கேலி செய்தார்கள். 1985இல் கியூபெக் நகருக்கு வந்த அதிபர் ரேகனோடு மேடையேறி அவர் ஐரிஷ் பாடல் ஒன்றைப் பாடியது அந்தக் கேலிக்கு எண்ணெய் ஊற்றியது.

ஆங்கிலமும் பிரெஞ்சும் தெருவிலேயே கற்றவர் என்பதுதான் அவருடைய உண்மையான சொத்து என்பேன். லவால் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, மான்ட்ரியலில் தொழிலாளர்–முதலாளி தகராறுகளைத் தீர்க்கும் வழக்கறிஞராகப் பெயர் பெற்றார். கட்டுமானத் துறையில் நடந்த தொழிற்சங்க வன்முறையை விசாரித்த கிளிஷ் ஆணையத்தில் உறுப்பினராக இருந்தது அவரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. 1976இல், எந்தத் தேர்தலிலும் நின்றிராத நிலையிலேயே கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டு, ஜோ கிளார்க்கிடம் தோற்றார். பின் இரும்புத்தாது நிறுவனம் ஒன்றின் தலைவராகச் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1983 ஜூனில் அதே கிளார்க்கை நான்காம் சுற்று வாக்கெடுப்பில் வென்று தலைவரானார். நாடாளுமன்றத்துக்குள் முதன்முறையாகக் காலடி வைத்தது அதன்பிறகு நோவா ஸ்கோஷியாவில் நடந்த ஓர் இடைத்தேர்தலின்வழி. அடுத்த ஆண்டே பிரதமர். தோற்கடித்த கிளார்க்கை ஓரங்கட்டாமல் வெளியுறவு அமைச்சராக்கி, அவரிடமிருந்து நல்ல வேலையும் வாங்கினார்.

1984 தேர்தலை முடிவுசெய்தது ஒரு தொலைக்காட்சி விவாதம். முந்தைய பிரதமர் பியேர் டிரூடோ பரிந்துரைத்த ஏராளமான பதவி நியமனங்களில் கையெழுத்திட்டதற்கு, தமக்கு வேறு வழியிருக்கவில்லை என்று லிபரல் தலைவர் ஜான் டர்னர் சொல்ல, வழி இருந்தது ஐயா, மாட்டேன் என்று நீங்கள் சொல்லியிருக்கலாம் என்று மல்ரோனி விரலை நீட்டிக் கேட்ட காட்சி இன்றும் ஒளிபரப்பாகிறது. பதவிக்கு வந்தபின் அவரும் தம் கட்சிக்காரர்களுக்குத் தாராளமாகவே பதவிகளை வழங்கினார் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

கேள்வி: கட்சியின் பெயரிலேயே முற்போக்கும் பழமைவாதமும் ஒன்றாக எப்படி? தமிழாசிரியரிடம் கேட்டால் முரண்தொடை என்கிறார். (தொடக்கக் கல்லூரி மாணவர், தெம்பனிஸ்)

பதில்: உங்கள் ஆசிரியர் சொன்னது சரியே. இந்த முரண்தொடைக்குக் காரணம் ஒரு பேரம். 1942இல் கன்சர்வேட்டிவ் கட்சி, மனிடோபா மாகாண முதல்வராக இருந்த ஜான் பிராக்கனைத் தலைமை ஏற்க அழைத்தது. முற்போக்கு இயக்கத்திலிருந்து வந்த அவர், கட்சியின் பெயரில் அச்சொல்லையும் சேர்த்தால்தான் வருவேன் என்றார். 2003இல் வேறொரு வலதுசாரிக் கட்சியோடு இணைந்தபோது அச்சொல் கழன்றுவிட்டது. ஆகவே இன்றைய கன்சர்வேட்டிவ் கட்சியும் மல்ரோனி நடத்திய கட்சியும் உறவுக்காரர்கள். ஒரே ஆள் அல்ல.

கேள்வி: பொருள், சேவை வரியைக் கொண்டுவந்ததால்தான் மல்ரோனி வீழ்ந்தார் என்று படித்தேன். நாமும் அதே வரியைத்தான் கட்டுகிறோம். அங்கே மட்டும் ஏன் அவ்வளவு சீற்றம்? (கணக்காளர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: இவ்வாரக் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மல்ரோனி புதிதாக வரி விதித்தார் என்பது பாதி உண்மை. அதற்குமுன் தொழிற்சாலையில் உருவாகும் பொருள்களுக்கு 13.5 விழுக்காட்டு விற்பனை வரி இருந்தது. அது ஆலை வாசலிலேயே விலைக்குள் கரைந்துவிட்டதால், கடையில் வாங்குபவர் கண்ணுக்கு அது தெரிந்ததே இல்லை. ஏற்றுமதியாகும் கனடியப் பொருளின் மீதும் அந்தச் சுமை ஏறி, வெளிநாட்டில் அதன் விலையைக் கூட்டியது. அமெரிக்காவுடன் வரியில்லா வணிகத்துக்கு நாட்டைத் திறந்துவிட்டுவிட்டு, சொந்தத் தொழிற்சாலைகளின் காலில் கல்லைக் கட்டி வைத்திருக்க முடியாதல்லவா? எனவே 1991 ஜனவரி 1ஆம் தேதி பழைய வரி நீக்கப்பட்டு, பெரும்பாலான பொருள்களுக்கும் சேவைகளுக்கும் 7 விழுக்காட்டு வரி நடைமுறைக்கு வந்தது. பொருளியல் கணக்கில் குற்றம் சொல்ல அதிகம் இல்லை.

சீற்றத்துக்குக் காரணம் அந்த வரி கண்ணுக்குத் தெரிந்ததுதான். நம் ஊர்க் கடைகளில் விலைச்சீட்டில் காணும் தொகையில் வரி அடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. கனடாவில் அப்படியில்லை, அலமாரியில் ஒரு விலை, காசாளரிடம் இன்னொரு விலை. டொரண்டோவில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, விலைச்சீட்டைப் பார்த்துச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற நான், மாகாண வரியும் சேர்ந்து 13 விழுக்காடு கூடியதும் பையைத் துழாவ வேண்டியதாயிற்று. பின்னால் நின்றவர்கள் பொறுமைசாலிகள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ரசீதிலும் அந்த வரி தனி வரியாக அச்சாகிறது என்றால், பழைய வரி நீங்கியதற்கு நன்றி சொல்ல எவருக்குத் தோன்றும்?

காலமும் கைகொடுக்கவில்லை. 1990இல் பொருளியல் மந்தநிலை தொடங்கியிருந்தது. லிபரல் கட்சியின் பிடியில் இருந்த செனட் மேலவை மசோதாவைத் தடுத்தபோது, 1867ஆம் ஆண்டு அரசமைப்பில் அதுவரை எவரும் வெற்றிகரமாகப் பயன்படுத்தியிராத ஒரு விதியைத் தேடியெடுத்து, அரசியாரின் ஒப்புதலோடு எட்டு செனட்டர்களை மல்ரோனி கூடுதலாக நியமித்தார். சினமுற்ற லிபரல் செனட்டர்கள், வயதில் மூத்த பெரியவர்கள், அவைக்குள்ளேயே பிள்ளைகள் ஊதும் ஊதல்களை ஊதி அமளி செய்தார்கள். சட்டப்படி அவர் செய்தது சரி. ஆனால் ஏற்கெனவே வெறுக்கப்பட்ட வரியைக் கொல்லைப்புற வழியாக நுழைத்தார் என்ற எண்ணம் மக்களிடம் ஊன்றிவிட்டது.

வரியை ஒழிப்போம் என்று சொல்லி 1993இல் வென்ற ஜான் கிரெட்டியென் அதை ஒழிக்கவில்லை; கருவூலத்துக்கு அது அவ்வளவு தேவையாக இருந்தது. அவருடைய துணைப் பிரதமர் ஷீலா காப்ஸ், அந்த வாக்குறுதி பொய்த்ததற்காக 1996இல் பதவியைத் துறந்து மீண்டும் மக்களிடம் சென்று வென்று வர நேர்ந்தது. பின்னர் வந்த கன்சர்வேட்டிவ் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் 2006இல் 6 ஆகவும் 2008இல் 5 ஆகவும் அதைக் குறைத்தார். இன்றும் அது இருக்கிறது. அடிப்படை மளிகைக்கு வரியில்லை என்பதால், டோனட் ஆறாக வாங்கினால் மளிகை, அதற்குக் குறைந்தால் தின்பண்டம் என்ற வேடிக்கையும் உடன் இருக்கிறது.

சிங்கப்பூரில் இவ்வரி 1994 ஏப்ரல் 1ஆம் தேதி 3 விழுக்காட்டில் தொடங்கியது. வருமான வரி விகிதங்கள் கூடவே குறைக்கப்பட்டன. முப்பது ஆண்டுகளில் படிப்படியாக ஏறி, 2024இல் 9 விழுக்காட்டை எட்டியது. ஒரேயடியாக ஏழில் தொடங்கிய கனடாவிடமிருந்து நம்மவர்கள் பாடம் கற்றார்களா என்று கேட்டால், கற்றிருந்தால் வியப்பில்லை என்று மட்டும் சொல்வேன்.

கேள்வி: அப்படியானால் வரி ஒன்றே அவரை வீழ்த்தியதா? (வாசகர், பிடோக்)

பதில்: வரி வெறுப்பைத் தந்தது; கட்சியை உடைத்தது கியூபெக். 1982இல் கனடா தன் அரசமைப்பைப் பிரிட்டனிடமிருந்து பெற்றுக்கொண்டபோது கியூபெக் மட்டும் கையெழுத்திடவில்லை. அதைத் தனித்தன்மையுள்ள சமூகமாக ஏற்று உள்ளே கொண்டுவர, 1987இல் பத்து மாகாண முதல்வர்களையும் மீச் ஏரிக்கரையில் ஓர் உடன்பாட்டுக்கு இணங்கவைத்தார் மல்ரோனி. மூன்றாண்டுக்குள் எல்லா மாகாணச் சட்டமன்றங்களும் அதை ஏற்க வேண்டும். 1990 ஜூனில், பூர்வகுடி மக்களைக் கலந்து பேசவில்லை என்ற காரணத்துக்காக, மனிடோபா சட்டமன்றத்தில் எலைஜா ஹார்ப்பர் என்ற பூர்வகுடி உறுப்பினர் கையில் ஒரு கழுகிறகை ஏந்தியபடி ஒப்புதல் தர மறுத்தார். நியூஃபவுண்ட்லாந்தும் வாக்கெடுப்பு நடத்தாமல் விட்டது. உடன்பாடு செத்தது.

அதற்குச் சற்றுமுன், மல்ரோனியின் சட்டக் கல்லூரித் தோழரும் அவரே அழைத்து வந்து அமைச்சராக்கியவருமான லூசியன் பூஷார் விலகிப்போயிருந்தார்; உடன்பாடு செத்தபின் பிரிவினையை நாடும் பிளாக் கியூபெக்குவாவைத் தொடங்கினார். மறுபுறம், எல்லாம் கியூபெக்குக்கே போகிறது என்ற மேற்கு மாகாணங்களின் மனக்குறை சீர்திருத்தக் கட்சியாக உருவெடுத்தது. 1986இல் போர் விமானப் பராமரிப்பு ஒப்பந்தத்தைக் குறைந்த விலை கேட்ட வினிப்பெக் நிறுவனத்துக்குத் தராமல் மான்ட்ரியலுக்குத் தந்ததை மேற்கத்தியர் மறக்கவே இல்லை. 1992 அக்டோபரில் இன்னொரு முறை முயன்று, நாடளாவிய பொதுவாக்கெடுப்பில் தோற்றார். 1984இல் கியூபெக் தேசியவாதிகளையும் மேற்கின் பழமைவாதிகளையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தது அவருடைய சாதனை. பந்தி கலைந்தபோது இரு தரப்பும் ஆளுக்கொரு கட்சியாக எழுந்து போனார்கள்.

இவற்றில் கைவைக்காமலே அவர் காலத்தை ஓட்டியிருக்கலாம். 211 இடங்களை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இன்னும் ஒரு தேர்தலைக்கூட வென்றிருப்பார் என்பது என் கணிப்பு. அவருக்குச் செல்வாக்கு என்பது சேமிப்புக் கணக்கில் வைக்கும் பணமாகத் தெரியவில்லை.

கேள்வி: தடையற்ற வணிக உடன்பாடு? (வாசகர், செங்காங்)

பதில்: 1988 நவம்பர் தேர்தல் முழுவதுமே அதன்மீதுதான் நடந்தது. எதிர்த்த வாக்குகள் இரு கட்சிகளுக்கிடையே பிரிந்ததால் 43 விழுக்காட்டிலேயே 169 இடங்கள் பெற்று மல்ரோனி வென்றார். 1989 ஜனவரி 1ஆம் தேதி உடன்பாடு நடப்புக்கு வந்தது. அன்று கடுமையாக எதிர்த்த லிபரல்கள் பிற்காலத்தில் அதன் காவலர்களானார்கள். அதன் வழித்தோன்றலாக 1994இல் மெக்சிகோவையும் சேர்த்து நடப்புக்கு வந்த உடன்பாட்டை 2017இல் டிரம்ப் மாற்றியெழுத முனைந்தபோது, பியேர் டிரூடோவின் மகன் ஜஸ்டினின் அரசாங்கம் மல்ரோனியிடமே ஆலோசனை கேட்டது.

கேள்வி: தென்னாப்பிரிக்க விவகாரத்தில் தேட்சரை எதிர்த்தவர் இவர்தானா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, அங் மோ கியோ)

பதில்: இவரேதான். பழமைவாதத் தலைவர்களில் ரேகனும் தேட்சரும் நிறவெறி அரசுமீது கடும் தடைகள் வேண்டாம் என்றிருந்த காலத்தில், காமன்வெல்த் நாடுகளைத் தடைகளின் பக்கம் இழுத்தவர்களில் மல்ரோனி முன்னணியில் நின்றார். 1989 அக்டோபரில் கோலாலம்பூரில் நடந்த உச்சநிலை மாநாட்டில், கூட்டறிக்கைக்கு இணங்கிவிட்டு உடனேயே பிரிட்டன் தனியறிக்கை வெளியிட்டதை அவர் முகத்துக்கு நேரே கண்டித்தார். இனப்பாகுபாடு களையப்பட வேண்டிய கேடு என்று காமன்வெல்த் 1971இல் அறிக்கை வெளியிட்டது நம் சிங்கப்பூரில்தான். ஆகவே கோலாலம்பூரில் அவர் நின்றது உறுப்பு நாடுகள் முன்பே கையொப்பமிட்ட கொள்கையின் பக்கம். விடுதலையான நெல்சன் மண்டேலா 1990 ஜூனில் கனடிய நாடாளுமன்றத்தில் உரையாற்றினார்.

கேள்வி: கைச்சுத்தமானவரா? (வாசகர், காக்கி புக்கிட்)

பதில்: விமானக் கொள்முதலில் கையூட்டு வாங்கினார் என்ற ஐயத்தில் அரசு அவரை விசாரித்தபோது, அவர் வழக்குத் தொடுத்து, 1997இல் மன்னிப்பையும் வழக்குச் செலவுக்காக ஏறத்தாழ 2.1 மில்லியன் கனடிய டாலரையும் பெற்றார். ஆனால் பதவி விலகியபின் கார்ல்ஹைன்ஸ் ஷ்ரைபர் என்ற இடைத்தரகரிடம் ரொக்கமாகப் பணம் வாங்கியிருந்தது பின்னர் வெளியானது. 225,000 டாலர் என்றார் மல்ரோனி. 300,000 என்றார் கொடுத்தவர். விசாரணை ஆணையர் 2010இல் அந்தத் தொடர்பு தகாதது என்று எழுதினார். உறையில் போட்டுக் கொடுத்த ரொக்கத்துக்கு எந்த விளக்கமும் எடுபடவில்லை, எனக்கும் உட்பட.

கேள்வி: ஸ்கார்பரோவில் இருக்கும் என் பெரியம்மா வீட்டில் மல்ரோனி 2024இல் இறந்தபோது விளக்கேற்றி வைத்தார்களாம். ஈழத்தமிழருக்கு அவர் அப்படி என்ன செய்தார்? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: 1986 ஆகஸ்ட் 11ஆம் தேதி, நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் தென்கரைக்கு அப்பால், பனிமூட்டத்தில் மிதந்த இரண்டு உயிர்காப்புப் படகுகளை உள்ளூர் மீனவர்கள் கண்டார்கள். அவற்றுக்குள் 155 தமிழர்கள் இருந்தார்கள். 1983 ஜூலைக் கலவரங்களுக்குப்பின் நாட்டை விட்டு வெளியேறியவர்கள் பலர். ஏற்றிவந்த கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. முதலில் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து புறப்பட்டது சில நாள்களில் தெரிந்துவிட்டது. பொய் சொன்னார்கள், வரிசையைத் தாண்டி வந்தார்கள், திருப்பி அனுப்புங்கள் என்று கோபக் குரல்கள் எழுந்தன.

மல்ரோனி அசையவில்லை. குடியேறிகளும் அகதிகளும் கட்டிய நாடு இது, படகில் வந்து கரையில் நிற்பவர்களைத் திருப்பி அனுப்பப்போவதில்லை என்ற பொருள்படப் பேசினார். அவர்களுக்கு ஓராண்டு தங்கி வேலை செய்ய அனுமதி வழங்கப்பட்டது. அவர் ஆட்சியில் கனடா ஏற்ற குடியேறிகளின் எண்ணிக்கையும் 1985இல் ஏறத்தாழ 84,000 ஆக இருந்து 1993இல் 250,000ஐத் தாண்டியது. உங்கள் பெரியம்மா வீட்டாரைப் போன்றோர் பலருக்கு வாசல் திறந்தது அந்த ஆண்டுகளில்தான்.

ஆனால் விளக்கேற்றும் கை மற்ற பக்கத்தையும் அறிந்திருப்பது நல்லது. 1985 ஜூன் 23ஆம் தேதி ஏர் இந்தியா 182 விமானம் குண்டுவெடித்து அயர்லாந்துக்கு அப்பால் கடலில் விழுந்தது. இறந்த 329 பேரில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளிக் கனடியர்கள். அப்போது ராஜீவ் காந்திக்கு இரங்கல் தெரிவித்த மல்ரோனி, இறந்தவர்கள் தம் நாட்டுக் குடிமக்கள் என்பதை உணர்ந்தாரா என்று உறவினர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்றுவரை ஆறாத புண். 1987இல் பெரும்பாலும் சீக்கியர்களான 174 பேர் நோவா ஸ்கோஷியாவில் கரையேறியபோது, அதே மல்ரோனியின் அரசு விடுமுறையில் இருந்த நாடாளுமன்றத்தை அவசரமாகக் கூட்டி, அகதிச் சட்டத்தை இறுக்க முனைந்தது. ஓராண்டில் காற்று அவ்வளவு மாறியிருந்தது.

அவருடைய முடிவின் அருமை, இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து அதே ஆகஸ்ட் மாதத்தில் தெளிவாகத் தெரிந்தது. 2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் மேற்குக் கரைக்கு வந்தார்கள். ஹார்ப்பரின் கன்சர்வேட்டிவ் அரசு அவர்களைத் தடுப்புக்காவலில் வைத்தது. பலர் மாதக்கணக்கில் உள்ளேயே இருந்தார்கள். பின்னர் சட்டமும் கடுமையானது.

1986இல் காப்பாற்றப்பட்டவர்களில் சிலர், முப்பது ஆண்டுகளுக்குப்பின், 2016இல், நியூஃபவுண்ட்லாந்துக்குத் திரும்பிச் சென்று தங்களைக் கரைசேர்த்த மீன்பிடிப் படகின் தலைவரைச் சந்தித்தார்கள். அவர் அதற்குள் முதியவராகியிருந்தார். இவர்களில் இளைஞராக வந்தவர்களுக்கும் தலை நரைத்திருந்தது.